முக்காலை மூன்று பேருக்குப் பங்கிடுவது எப்படி? பின்னத்தை முழு எண்ணால் வகுக்கச் சொல்லித் தர ஒரு முழுமையான வழிகாட்டி

மழை விடாமல் பெய்த ஒரு மாலை. டியூஷனுக்கு வரும் ஆறாம் ஆண்டுப் பையன் 3/4 ÷ 3 என்ற கணக்கைப் போட்டு, 9/4 என்று விடை எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். நான் நோட்டை மூடி வைத்தேன்.

"முக்கால் ரொட்டி சானாய் இருக்கு. நீ, உன் தம்பி, தங்கச்சி, மூணு பேர். ஆளுக்கு எவ்வளவு?"

"கால், டீச்சர்."

யோசிக்கவே இல்லை. நோட்டைத் திறந்து 9/4-ஐக் காட்டினேன். "அப்ப இது என்ன?"

"அது கணக்கு, டீச்சர்."

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பல வருடமாக டியூஷன் சொல்லித் தருகிறேன். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள், ஈப்போவுக்குத் தினமும் வேலைக்குப் போய் வருபவர்கள் ஆகியோரின் பிள்ளைகள்தான் என்னிடம் வருகிறார்கள். இந்தப் பாடத்தில் தடுமாறுகிற பிள்ளைகள் பெரும்பாலும் அந்தப் பையன் மாதிரிதான். ரொட்டி வேறு, கணக்கு வேறு. ரொட்டியில் சரியாகப் பங்கு போடுகிற மூளை, நோட்டைத் திறந்ததும் ஒதுங்கிக்கொள்கிறது. 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்ற சூத்திரத்தை முதல் நாளே கொடுத்துவிடுவதுதான் இதற்குக் காரணம் என்பது என் எண்ணம். சூத்திரம் தப்பில்லை, ஆனால் அது கடைசியில் வர வேண்டியது. இங்கே நான் சொல்லப்போகும் வரிசையில் அது நான்காவது படி.

தொடங்குமுன் மூன்று கேள்விகள்

பின்னத்தை வகுப்பது நம் தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டத்தில் ஆறாம் ஆண்டில் வருகிறது. ஆனால் அதற்கு வேண்டிய அடித்தளம் மூன்றாம், நான்காம் ஆண்டிலேயே போடப்பட்டிருக்க வேண்டும். இருக்கிறதா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: 1/3 பெரிதா, 1/5 பெரிதா? ஐந்து மூன்றைவிடப் பெரியது, அதனால் 1/5 பெரிது என்று பிள்ளை சொன்னால் வகுத்தலைத் தள்ளி வையுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு தாளை எடுத்து, ஒன்றை மூன்றாகவும் மற்றதை ஐந்தாகவும் மடித்துக் காட்டி, இரண்டு நாள் அதிலேயே இருங்கள்.

இரண்டாவது: 1/2-ஐக் கீழே 8 வருகிற மாதிரி மாற்றி எழுதினால் என்ன வரும்? 4/8 என்று வர வேண்டும். சமப் பின்னம் தெரியாத பிள்ளைக்கு மூன்றாவது படி ஏறாது.

மூன்றாவது: 12 ÷ 3 என்றால் என்ன? "நாலு" என்று சொன்னால் போதாது. அதற்கு ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். "12 மிட்டாய், மூணு பேர், ஆளுக்கு நாலு" என்று வந்தால் சரி. நான் இங்கே 'பங்கு' என்ற சொல்லை வேண்டுமென்றே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவேன். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அது சாதாரணச் சொல் இல்லை. ஐம்பதுகளில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். துண்டாடல் என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது. வேலையும், தோட்டத்தில் குடியிருந்த லயன் வீடும் போய் நின்றவர்கள் ஏராளம். இந்த ஊரிலேயே பிறந்த, அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பங்குப் பணத்திலேயே தோட்டங்களை வாங்க வழி செய்தார். 'தாத்தாவுக்குப் பங்கு இருந்தது' என்ற பேச்சு இங்கே பல வீடுகளில் உண்டு. பிள்ளைகள் வீட்டில் கேட்டுப் பழகிய சொல்லையே வகுத்தலுக்கும் எடுத்துக்கொள்வதுதான் எனக்கு எளிதாக இருக்கிறது.

இன்னொரு விஷயம். பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. இரண்டும் காதில் ஏறக்குறைய ஒரே மாதிரி விழுவதால் பிள்ளைகள் மாற்றிவிடுவார்கள். அதனால் முதல் வாரம் நான் அந்தச் சொற்களைத் தொடுவதே இல்லை. மேலே இருப்பது 'எத்தனை', கீழே இருப்பது 'என்ன துண்டு'. 3/4 என்றால் எத்தனை? மூன்று. என்ன துண்டு? கால் துண்டு. மலாயில் பகுதியைப் 'பென்யெபுட்' என்கிறார்கள். 'செபுட்' என்றால் சொல், பெயர் குறிப்பிடு என்று பொருள். துண்டுக்குப் பெயர் சொல்வது கீழே இருக்கிற எண்தான். இந்த நுணுக்கம் மலாய்ச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

படி 1: துண்டின் பெயர் மாறாத கணக்குகள்

மேலே உள்ள எண் மீதியில்லாமல் பிரியும் கணக்குகளில் தொடங்குங்கள். 6/8 ÷ 3, 4/5 ÷ 2, 9/10 ÷ 3 போன்றவை.

இங்கே நம் மொழி ஒரு வகையில் தடுக்கிறது, ஒரு வகையில் கை கொடுக்கிறது. 6/8-ஐ 'எட்டில் ஆறு' என்று வாசிக்கிறோம். அப்படி வாசித்தால் பிள்ளைக்கு இரண்டு எண்கள்தான் கேட்கின்றன, பொருள் எதுவும் கண்ணில் தெரிவதில்லை. அதையே 'ஆறு அரைக்கால்' என்று சொல்லிப் பாருங்கள். ஆறு மாம்பழத்தை மூன்று பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு இரண்டு மாம்பழம். ஆறு அரைக்காலை மூன்று பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு இரண்டு அரைக்கால், அதாவது 2/8. மாம்பழம் மாம்பழமாகவே இருப்பது போல அரைக்காலும் அரைக்காலாகவே இருக்கிறது. எண்ணிக்கை மட்டும் குறைகிறது.

முக்கால் என்ற சொல்லையும் பிரித்துக் காட்டுங்கள். மூன்று கால், முக்கால். மூன்று காலை மூன்று பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு ஒரு கால். மேலே சொன்ன பையனின் கணக்கு முடிந்தது.

4/5 ÷ 2 வரும்போது 'நாலு ஐந்திலொன்று' என்று கொஞ்சம் செயற்கையாகச் சொல்ல வேண்டியிருக்கும். பரவாயில்லை, பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் பழகிவிடுவார்கள். பத்துக் கணக்கு போடச் சொல்லுங்கள். இந்தப் படி ஒரே மாலையில் முடிந்துவிடும்.

படி 2: ஒரே ஒரு துண்டைப் பலருக்குப் பிரிப்பது

1/2 ÷ 3. கையில் ஒரே ஒரு அரைத் துண்டுதான், ஆள் மூன்று பேர். இந்தப் பாடத்தின் உயிர் இந்தப் படியில்தான். அவசரப்படாதீர்கள்.

நான் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) குவே லாப்பிஸ் வாங்கி வைத்துக்கொள்வேன். நீள்சதுரமாக, வரிவரியாக நிறம் மாறும் பலகாரம். வட்டமான ரொட்டியைவிட இதுதான் வசதி, ஏனென்றால் வட்டத்தை ஐந்தாகவோ மூன்றாகவோ சமமாக வெட்டுவது பெரியவர்களுக்கே கஷ்டம். நீள்சதுரத்தில் குறுக்கும் நெடுக்கும் கத்தியை வைத்தால் போதும். குவே இல்லாவிட்டால் தாள் போதும், ஆனால் பிள்ளைகள் தாளுக்கு அவ்வளவு அக்கறையாகச் சண்டை போடமாட்டார்கள்.

குவேயை நடுவில் வெட்டுங்கள். வலது பாதியைத் தள்ளி வையுங்கள். இடது பாதியை மூன்று சம துண்டாக வெட்டச் சொல்லுங்கள். ஒரு துண்டைக் கையில் எடுத்துக் கேளுங்கள்: "இது முழுக் குவேயில எவ்வளவு?"

பெரும்பாலும் இரண்டு தவறான பதில்கள் வரும். ஒன்று 1/3. மூன்றாக வெட்டினோம், அதில் ஒன்று. பிள்ளை பாதிக் குவேயையே முழுக் குவேயாக நினைத்துவிட்டது. இன்னொன்று 1/4. இதுதான் சுவாரசியமானது. மேசையில் மூன்று சின்னத் துண்டும் ஒரு பெரிய துண்டும் இருக்கின்றன, மொத்தம் நான்கு, அதில் ஒன்று. எண்ணிக்கை சரிதான், ஆனால் துண்டுகள் சமமில்லை.

திருத்தம் சொல்லாதீர்கள். தள்ளி வைத்த வலது பாதியை மறுபடி பக்கத்தில் சேர்த்து வையுங்கள். "எல்லாத் துண்டும் ஒரே அளவா இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை கொஞ்ச நேரம் பார்க்கும். பிறகு கத்தியைக் கேட்டு வாங்கி, வலது பாதியையும் மூன்றாக வெட்டும். இப்போது எண்ணினால் ஆறு. கையில் இருப்பது ஆறில் ஒன்று.

அந்த வெட்டைப் பிள்ளையே போட வேண்டும். நீங்கள் வெட்டிக் காட்டினால் அடுத்த நாள் மறந்துவிடும். என்னிடம் வந்த ஒரு பெண் பிள்ளை வலது பாதியை வெட்டிவிட்டு, "யாருக்கும் குடுக்காத பாதிய எதுக்கு டீச்சர் வெட்டணும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. கொடுப்பதற்காக வெட்டவில்லை. கையில் இருக்கும் சின்னத் துண்டைப் போல எத்தனை சேர்ந்தால் ஒரு முழுக் குவே ஆகும் என்று எண்ணுவதற்காக வெட்டுகிறோம். துண்டுக்குப் பெயர் வைக்க அந்த எண்ணிக்கை வேண்டும்.

இதே போல 1/4 ÷ 2, 1/3 ÷ 2, 1/5 ÷ 4 ஆகியவற்றை வெட்டியோ மடித்தோ செய்யட்டும்.

இங்கே நான் நம் பழைய அளவுப் பெயர்களை எடுப்பேன். அரையை இரண்டாக்கினால் கால். காலை இரண்டாக்கினால் அரைக்கால், அதாவது காலில் அரை, 1/8. பின்னத்தை முழு எண்ணால் வகுத்த விடையைத்தான் அந்தப் பெயரே சொல்கிறது. அரைக்காலை இரண்டாக்கினால் வீசம், 1/16. அதையும் இரண்டாக்கினால் அரைவீசம், 1/32. இன்னொரு வரிசையும் உண்டு. இருபதில் ஒன்று மா. அதை நான்காக்கினால் காணி, 1/80. காணியை நான்காக்கினால் முந்திரி, 1/320. வீசத்துக்கு மாகாணி என்று இன்னொரு பெயரும் இருக்கிறது. மாவும் காணியும் சேர்ந்தது என்று பொருள். 1/20-ஐயும் 1/80-ஐயும் கூட்டிப் பாருங்கள், சரியாக 1/16 வரும். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் இதையெல்லாம் வாய்ப்பாடாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் பின்னம் வராது என்கிறோம்.

பரீட்சையில் வராதே என்று சில பெற்றோர் கேட்பார்கள். வராதுதான். ஆனால் வெட்ட வெட்டத் துண்டுக்குப் புதுப் பெயர் வருகிறது என்பதை இதைவிட நன்றாக எதுவும் காட்டுவதில்லை.

வீட்டில் பால்மரம் சீவிய பாட்டி இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள். ரப்பர் மரத்தைச் சுற்றிலும் சீவமாட்டார்கள். சுற்றளவில் பாதியைச் சீவி, மறுபாதிப் பட்டையைப் பின்னாளுக்கு விட்டுவைப்பது வழக்கம். கால் சுற்று மட்டும் சீவும் முறையும் உண்டு. அரைச் சுற்றை இரண்டாகப் பிரித்தால் கால் சுற்று, 1/2 ÷ 2 = 1/4. மரத்தில் பட்டை எவ்வளவு போச்சு, எவ்வளவு மிச்சம் என்று பாட்டி சொல்லும்போது பேரன் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

படி 3: சரியாகப் பிரியாத கணக்குகள்

3/4 ÷ 2. மூன்று கால் துண்டு, இரண்டு பேர். ஆளுக்கு ஒன்று கொடுத்தால் ஒன்று மிஞ்சும். "மிஞ்சினதை என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். பாதியாக வெட்டுவோம் என்று எந்தப் பிள்ளையும் சொல்லும். ஆக ஆளுக்கு ஒரு காலும் ஓர் அரைக்காலும். கால் என்பது இரண்டு அரைக்கால், அதோடு ஒன்று, மொத்தம் மூன்று அரைக்கால். 3/8.

இதையே ஒழுங்குபடுத்தினால் பள்ளியில் எழுதக்கூடிய வழி கிடைக்கிறது. முதலிலேயே எல்லாக் காலையும் அரைக்காலாக மாற்றிவிடுகிறோம்: 3/4 = 6/8. இனி இது படி 1 கணக்குதான். 6/8 ÷ 2 = 3/8. மேலே உள்ள எண் பிரியவில்லையா, பிரிகிற மாதிரி சமப் பின்னமாக மாற்று. இந்த ஒரு வரியைப் பிள்ளை தன் சொல்லில் சொல்லிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

அடுத்து 2/3 ÷ 4. இதைப் படமாக வரையச் சொல்லுங்கள். கட்டம் போட்ட கணித நோட்டில் 3 கட்ட அகலம், 4 கட்ட உயரத்தில் ஒரு பெட்டி. நெடுக்காக மூன்று பட்டை தெரியும். அதில் இரண்டு பட்டைக்குப் பென்சிலால் சாயம் பூச வேண்டும். இதுதான் 2/3. இப்போது நான்கு பேர், அதனால் குறுக்கே நான்கு வரிசை. பெட்டியில் மொத்தம் 12 கட்டம், சாயம் பூசியது 8. நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு வரிசைச் சாயக் கட்டம், அதாவது 2. விடை 2/12. சுருக்கினால் 1/6.

ஒரு பையன் இதை வரையவே இல்லை. "ரெண்டு துண்டு, நாலு பேரு. அப்ப ஒரு துண்டு ரெண்டு பேருக்கு. மூணுல ஒண்ணுல பாதி, ஆறுல ஒண்ணு." என்னுடைய படத்தைவிட அது அழகு. இப்படி வருகிற பிள்ளையை 'நான் சொன்ன மாதிரி போடு' என்று மடக்காதீர்கள். எப்படி வந்தது என்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

இந்தப் படிக்கு மூன்று நான்கு நாள் ஆகலாம். ஒரு நாளைக்கு ஆறு கணக்குக்கு மேல் வேண்டாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் படம் வேண்டும். 3/5 ÷ 2, 5/6 ÷ 2, 2/5 ÷ 3, 3/4 ÷ 6 எடுத்துக்கொள்ளலாம்.

படி 4: இப்போது சூத்திரம்

இதுவரை போட்ட கணக்குகளை ஒரு பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சுருக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

1/2 ÷ 3 = 1/6
3/4 ÷ 2 = 3/8
2/3 ÷ 4 = 2/12
3/5 ÷ 2 = 3/10

"மேலே என்ன ஆச்சு? கீழே என்ன ஆச்சு?" பிறகு வாயை மூடிக்கொண்டு இருங்கள். இதுதான் ஆசிரியர்களுக்கு ரொம்பக் கடினமான பகுதி. மேலே ஒன்றும் ஆகவில்லை, கீழே பெருக்கப்பட்டிருக்கிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். காரணமும் அதற்குத் தெரியும்: ஒவ்வொரு துண்டையும் இரண்டாக வெட்டினால் முழுசில் இரண்டு மடங்கு துண்டுகள் வரும்.

பிறகு படி 1-இல் போட்ட 4/5 ÷ 2-ஐ இந்த வழியிலும் போட்டுப் பார்க்கட்டும். 4/10 வரும். முன்பு 2/5 வந்ததே என்று முகம் சுருங்கும். சுருக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

அப்புறம்தான் பள்ளியில் சொல்லித் தரும் வடிவம். இரண்டால் வகுப்பது என்றால் பாதி எடுப்பது. மூன்றால் வகுப்பது என்றால் மூன்றில் ஒரு பங்கு எடுப்பது. ஆகவே 3/4 ÷ 2 என்பதும் 3/4 × 1/2 என்பதும் ஒன்றே. 2-ஐ 2/1 என்று எழுதி, வகுத்தல் குறியைப் பெருக்கலாக்கி, 2/1-ஐ 1/2 ஆக்குகிறோம். மேலும் மேலும் பெருக்கி, கீழும் கீழும் பெருக்கினால் 3/8.

எதைத் தலைகீழாக்குவது என்பதில்தான் பிள்ளைகள் வழுக்குவார்கள். சிலர் முதல் பின்னத்தைக் கவிழ்த்து 4/3 × 2 என்று எழுதுவார்கள். சிலர் முழு எண்ணை 2/1 ஆக்காமல் 3/4 × 2 என்று நேராகப் பெருக்கிவிடுவார்கள். நான் கேட்பது ஒரே கேள்வி: "குவே எது, ஆள் எது?" குவேயைக் கவிழ்க்கக் கூடாது. கவிழ்ப்பது ஆள் எண்ணிக்கையை மட்டும்.

விடை வந்ததும் இரண்டு சோதனை. பங்கு போட்ட பிறகு ஆளுக்குக் கிடைப்பது முதலில் இருந்ததைவிடக் குறைவாக இருக்கிறதா? முக்காலிலிருந்து இரண்டே கால் எப்படி வரும்? இரண்டாவது, விடையை ஆள் எண்ணிக்கையால் பெருக்கினால் பழைய பின்னம் திரும்பி வருகிறதா? 3/8 × 2 = 6/8 = 3/4. சரி.

படி 5: கலப்புப் பின்னம்

தீபாவளி முறுக்குக்கு அரைத்த மாவு 2 1/4 கிலோ. மூன்று வீட்டுக்குப் பங்கு. கலப்புப் பின்னத்தைத் தகாப் பின்னமாக்குங்கள்: 9/4. ஒன்பது கால், மூன்று வீடு, வீட்டுக்கு மூன்று கால். 3/4 கிலோ. சமையலறைத் தராசு இருந்தால் உடனே சரிபார்க்கலாம்: 2250 கிராமை மூன்றாகப் பிரித்தால் 750 கிராம். தராசு காட்டும் எண்ணும் நோட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருப்பதைப் பார்க்கும்போது, 'அது கணக்கு டீச்சர்' என்ற பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

இங்கே வரும் பெரிய தவறு 4 2/3 ÷ 2 = 2 2/3. முழு எண்ணை மட்டும் பங்கு போட்டுவிட்டு, பின்னத்தை அப்படியே விட்டுவிடுவது. "நாலு ரொட்டியப் பிரிச்சிட்ட, ஒட்டிக்கிட்டிருந்த அந்தத் துண்டு யாருக்கு?" என்று கேட்டால் போதும். சரியான விடை 2 1/3. இரண்டு பகுதியையும் தனித்தனியாகப் பிரிப்பது தவறில்லை. இந்தக் கணக்கில் அதுதான் வேகமான வழி. ஆனால் 3 1/2 ÷ 2 மாதிரி கணக்கில் மூன்று இரண்டாகப் பிரியாது. அப்போது 7/2 ஆக்கி, 7/4 கண்டு, 1 3/4 என்று எழுதுவதுதான் நிம்மதி.

கொஞ்ச நாள் தொடக்கூடாதது

3 ÷ 1/2 போன்ற கணக்கை இந்தப் பாடத்தோடு கலக்காதீர்கள். அங்கே கேள்வியே வேறு. 'ஆளுக்கு எவ்வளவு' இல்லை, 'எத்தனை அரை இருக்கிறது' என்பது. விடையும் பெரிதாகும். விடை குறைய வேண்டும் என்று இப்போதுதான் சொல்லித் தந்தோம், அதே வாரத்தில் ஆறு என்று பெரிதாக வந்தால் பிள்ளை இரண்டையும் விட்டுவிடும். பயிற்சிப் புத்தகங்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டிருக்கும். அந்தக் கணக்குகளைப் பென்சிலால் அடித்துவிட்டு, ஒரு வாரம் கழித்துத் திரும்பி வாருங்கள்.

வாக்கியக் கணக்கு

எண்ணைப் பார்த்ததும் கணக்கு போடத் தொடங்கும் பழக்கத்தை நிறுத்த, முதலில் எண்ணை மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்வேன். 'கொஞ்சம் நிலம் இருந்தது, அதைச் சில பிள்ளைகள் பிரித்துக்கொண்டார்கள்.' என்ன கேட்கிறார்கள்? ஆளுக்கு எவ்வளவு. அப்படியானால் வகுத்தல். பிறகு எண்ணைத் திறக்கலாம்: 3/4 ஏக்கர், 6 பிள்ளைகள். 3/24, சுருக்கினால் 1/8, அரைக்கால் ஏக்கர். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி என்பதால் ஆளுக்கு 5,445 சதுர அடி. இந்தக் கணக்கைப் போட்ட ஒரு பிள்ளை, "வீடு கட்டலாம் டீச்சர், ஆனா மரம் வைக்க முடியாது" என்றாள்.

இடைநிலைப் பள்ளியில் படிவம் 1-க்குப் போகும்போது இதே கணக்கு மலாயில் வரும் என்பதால் சில சொற்களை இப்போதே காதில் போட்டுவிடுங்கள். பின்னம் என்றால் 'பெச்சாஹான்'. 'பெச்சா' என்றால் உடைந்தது. நம்மிடமும் உடைந்த சிலையைப் பின்னமான சிலை என்றுதான் சொல்கிறோம். வகுத்தலுக்கு 'பஹாகி'. அதுவும் நம் 'பாகம்' என்ற சொல்லும் ஒரே சமஸ்கிருத வேரிலிருந்து வந்தவை. இவ்வளவு தெரிந்தால் மலாய்ப் புத்தகத்தைத் திறந்ததும் பயம் வராது.

பயிற்சி

1) 4/7 ÷ 2
2) 9/10 ÷ 3
3) 1/5 ÷ 4
4) 1/20 ÷ 4
5) 5/6 ÷ 2
6) 3/8 ÷ 6
7) 1 1/2 ÷ 4
8) 5 1/3 ÷ 4
9) திருவிழாவுக்குக் கரைத்த ரோஸ் சிரப் 1 1/2 லிட்டர். 6 போத்தலில் சமமாக ஊற்றினால் ஒரு போத்தலில் எவ்வளவு?

விடைகள் வரிசையாக: 2/7, 3/10, 1/20, 1/80, 5/12, 1/16, 3/8, 1 1/3, 1/4 லிட்டர். மூன்றாவது விடை மா, நான்காவது காணி, ஆறாவது வீசம் என்று பிள்ளை தானே கண்டுபிடித்தால் ஒரு துண்டு குவே கூடுதல்.

தவறான விடையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போகாதீர்கள், அதைப் படியுங்கள். ஐந்தாவது கணக்குக்கு 10/6 என்று வந்தால் பிள்ளை வகுக்காமல் பெருக்கிவிட்டது, படி 4-இல் 2/1 எழுதாமல் விட்டிருக்கும். 12/5 என்று வந்தால் குவேயைக் கவிழ்த்துவிட்டது. 5/3 என்று வந்தால் கீழே உள்ள ஆறை இரண்டால் வகுத்திருக்கிறது. இந்த மூன்றாவது பிள்ளைக்குத் துண்டின் பெயர் இன்னும் புரியவில்லை. சூத்திரத்தை மறுபடி சொல்லிப் பயனில்லை, படி 2-க்குத் திரும்பிக் கத்தியைக் கையில் கொடுங்கள்.